தட்டிலும் இல்லை, சட்டியிலும் இல்லை

காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்கு பிரிஜெட் டீச்சர் வந்துவிட்டால் மளிகைக் கடை பாய்க்கு அன்று பொழுது போய்விடும். துவரம்பருப்பு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவாள். வெளியே எடுத்து, விரலிடுக்கில் பருப்பு வழிந்து கொட்டுவதைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். உதடு மட்டும் ஏதோ முணுமுணுக்கும்.

"க்யா டீச்சரம்மா, பருப்புக்கு மந்திரம் ஓதுறீங்களா?" என்பார் பாய். "அப்படியே என் தம்பிக்கும் கொஞ்சம் ஓதுங்க. வேலைக்கே போக மாட்டேங்கறான்."

டீச்சர் வெட்கப்பட்டுக் கையை உதறிக்கொள்வாள். பருப்பு வாங்க வந்தவள் பருப்பை மறந்துவிட்டு வெறும் எலுமிச்சம்பழத்தோடு வீடு திரும்பிய நாளும் உண்டு. அதனால்தான் நோரா கூடவே பையைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

நோரா, டீச்சருடைய தம்பி யூஜினின் மனைவி. கோலார் தங்கவயலிலிருந்து கல்யாணமாகி வந்தவள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்மா படுக்கையில் விழுந்ததும், பின்னால் பிறந்ததுகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நோரா ஆனாள். வாழ வந்த வீட்டில் அவள் பேசியது கொஞ்சம், பார்த்தது அதிகம். நாத்தனார் அந்தப் பருப்புக்குள் எதையோ தேடுகிறாள் என்பது அவளுக்கு வந்த சில நாளிலேயே தெரிந்துவிட்டது. என்ன தேடுகிறாள் என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.

பிரிஜெட்டின் அப்பா பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அவர் கண்ணை மூடியபோது பிரிஜெட் ஏழாம் வகுப்பு. யூஜின் அப்போதுதான் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கியிருந்தான். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் மாதா கோயிலை ஒட்டிய கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள மடத்துத் தலைவியான மதர் அவளை வைத்துக்கொண்டார்கள். மூக்கைத் துடைத்துவிட, வரிசையில் நிறுத்த என்று தொடங்கிய வேலை. ஒரு டீச்சரம்மா பாதி வருஷத்தில் கல்யாணமாகிப் போய்விட, 'நீதான் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்' என்று சாக்கட்டியைக் கையில் கொடுத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. இடையில் பெண் கேட்டு வந்தார்கள். தம்பி படித்து முடிக்கட்டும் என்றாள். தம்பி படித்து கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் உட்கார்ந்தபோது, கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். அவள் அதைப் பெரிய இழப்பாக எண்ணியதாகத் தெரியவில்லை. காலையில் குடையை மடக்கிக்கொண்டு அவள் இரண்டாம் வகுப்புக்குள் நுழையும்போது முகத்தைப் பார்த்தால், பண்டிகைக்கு வந்த வீட்டுக்குள் நுழைகிறவள் மாதிரி இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில், மழை ஓயப் போகிற சமயத்தில், ஓர் உத்தரவு வந்தது. ட்ரெயினிங் படிக்காமல் பாடம் நடத்துகிறவர்கள் எல்லாம் இன்ஸ்பெக்டரம்மா முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். திருப்தியாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வருஷ முடிவோடு வகுப்புக்குள் நிற்க முடியாது. வரப்போகிறவர் அலர்மேல்மங்கை அம்மாள். சிரிக்க மாட்டார், பேனாவைக் கீழே வைக்க மாட்டார் என்று மற்றப் பள்ளிக்கூடங்களிலிருந்து செய்தி முன்னாலேயே வந்துவிட்டது.

"பயப்படாதே பிரிஜெட், எது எப்படிப் போனாலும் மடத்துல தையல் வேலை இருக்கு. உன்னை விட்டுட மாட்டோம்" என்று மதர் ஆறுதல் சொன்னார்கள். அதைக் கேட்டு வந்த அன்று பிரிஜெட் அக்கா சாப்பிடவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு நோராவும் சாப்பிடவில்லை.

நடத்த வேண்டிய பாடத்தையும் மேலிடத்திலேயே குறித்து அனுப்பியிருந்தார்கள். இங்கிலீஷில் பொருள்களின் பெயர்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முட்டை, சாவி போல ஒன்று இரண்டு என்று எண்ணிச் சொல்வது ஒரு வகை. தண்ணீர், சர்க்கரை போல எண்ண வராதது, ஏதாவது ஒரு பாத்திரத்தில் வாங்கித்தான் சொல்ல முடியும் என்பது மறு வகை. இதைத்தான் ஏழெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு விளங்க வைக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம், அடுப்பு வேலை முடிந்த கையோடு நோராவை அழைத்து நடு அறையில் உட்கார வைத்தாள் அக்கா.

"உக்காரு. இப்ப நீதான் என் கிளாஸ்."

"நானாக்கா? எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதவங்கதான் எனக்கு வேணும்."

முன்னால் ஒரு முறமும் ஒரு மண்சட்டியும் இருந்தன. தனியாக நிற்கத் தெரிந்தது முறத்துக்கு வரும், நிற்கத் தெரியாதது சட்டிக்குப் போகும் என்றாள் அக்கா. முட்டையை எடுத்து முறத்தில் வைத்தாள். "ஆன் எக்." இன்னொன்று. "டூ எக்ஸ்." பிறகு ஒரு பிடி அரிசியைச் சட்டியில் போட்டாள். "ரைஸ். இதை எண்ண வராது."

நோரா கையைப் பிசைந்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அரிசியை முறத்துலதானே புடைப்போம்? பிள்ளைங்க முறத்தைப் பார்த்ததும் அதுலதானே போடும்?"

அக்கா ஒரு நிமிஷம் முறத்தையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லவேளை, வீட்டோட போச்சு." முறம் சமையலறைக்குப் போய், அதன் இடத்துக்குப் பித்தளைத் தட்டு வந்தது.

அந்தச் சிரிப்பில் நோராவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "இன்னொண்ணுக்கா. அரிசியை எண்ண முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க? பொறுமை இருந்தா எண்ணலாமே."

"சரி. அந்தப் பொறுமையை முதல்ல எண்ணிக் காட்டு."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த யூஜின் உள்ளே எட்டிப் பார்த்தான். "ஏன்க்கா, இன்னிக்குச் சோறு எண்ணித்தான் வைப்பீங்களா? எனக்கு ஒரு லட்சம் போடச் சொல்லு."

"உனக்குச் சட்டியோடதான்டா வைக்கணும்," என்றாள் அக்கா.

அவன் முகம் கழுவப் போன பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ கேட்டது சரிதான் நோரா. கடையில நான் அதைத்தான் பாத்துட்டு நிப்பேன். ஒரு பருப்பு எடுத்தா ஒண்ணு. ரெண்டு எடுத்தா ரெண்டு. கை நிறைய எடுத்தா அது ஒண்ணும் இல்ல, ரெண்டும் இல்ல, வெறும் 'பருப்பு' ஆயிடுது. எண்ணிக்கை எந்த இடத்துல கையை விட்டுப் போவுது? இத்தனை வருஷமா சொல்லிக் குடுக்கறேன், அந்த இடம் எனக்கே புடிபட மாட்டேங்குது."

நோராவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பைத்தியம் என்று கடைத்தெரு சிரிக்கிற விஷயத்துக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது! அதன்பின் அவள் கண்ணும் கெட்டுப்போனது. உப்பு ஜாடிக்குள் கை விட்டால் அந்த இடத்தைத் தேடியது. அல்சூர் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை நடந்தபோது, நீர்க்காகங்கள் ஒன்று, மூன்று, ஐந்து என்று எழும்பி, திடீரென்று எண்ண முடியாத கறுப்பாக வானத்தில் சாய்ந்தன. "அக்கா, அதோ!" என்று அவள் தன்னை மறந்து கத்தியேவிட்டாள். யூஜின், "காக்காய்க்கு ஏன் இவ்வளவு சத்தம்?" என்றான். அக்கா மட்டும் தலையை ஆட்டினாள்.

பாடத்துக்குக் குறித்த திங்கட்கிழமைக்கு முந்தின நாள் பூசை முடிந்ததும், கோயில்பிள்ளை சில்வெஸ்டர் பெண்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். பீடத்தைக் கவனித்துக்கொள்கிறவர் அவர்தான். திருநாள் வருகிறதென்றால் கோயிலின் பித்தளைச் சாமான்களை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தனுப்பி விளக்கி வாங்குவது அங்கே வழக்கம். ஒருத்திக்கு மெழுகுவர்த்தித் தண்டு, ஒருத்திக்குத் தூபக்கலசம். நோராவுக்கு அந்தத் தடவை பூசை மணி கிடைத்தது. ஒரு பிடியில் நான்கு சின்ன மணிகள் கொத்தாகத் தொங்குவது.

"பத்திரம்மா. நாளைக்குக் காலையில குடுத்துடு. அதுவரைக்கும் பழைய மணியை வச்சு ஓட்டிக்கறேன்," என்றார் சில்வெஸ்டர்.

அந்த மணி என்னவென்று அறியாத பிள்ளை அந்தக் கோயிலில் இல்லை. பூசையின் நடுவில் சுவாமியார் அப்பத்தை உயர்த்தும்போது அது ஒலிக்கும். முதல் ஒலிக்கே கோயில் முழுவதும் முழந்தாளில் விழும். மூன்று முறை ஒலித்து ஓயும் வரை யாரும் தலை நிமிர்வதில்லை, தும்முவதில்லை, குழந்தை கூடச் சிணுங்குவதில்லை. மூன்றாவது ஒலி அடங்கியதும் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் இருமுவார். அவ்வளவுதான், அதுவரை அடக்கி வைத்திருந்த இருமலையெல்லாம் கோயிலே சேர்ந்து இருமித் தீர்க்கும். "நம்ம ஆளுங்க இருமலுக்குக்கூட நேரம் வச்சிருக்காங்க," என்பான் யூஜின்.

நோரா புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தாள். பிறகு சாம்பல் போட்டுத் துடைத்தாள். மணி பொன்னாக மாறி, அவள் முகத்தையே அவளுக்குக் கோணலாகக் காட்டியது.

திங்கட்கிழமை காலையில் அக்கா முன்னாலேயே போய்விட்டாள். பாடத்துக்கான சாமான் கூடையை நோரா கொண்டுவந்து கொடுத்து, தண்ணீர்ச் செம்போடு வகுப்பின் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம் என்று மதர் சொல்லியிருந்தார்கள். போகிற வழியில் மணியைக் கொடுத்துவிடலாம் என்று அதையும் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தாள். கோயில் சாமான் அறை பூட்டியிருந்தது.

"சில்வெஸ்டர் கல்பள்ளி கல்லறைக்கு ஒரு அடக்கத்துக்குப் போயிட்டார்மா," என்றான் பள்ளிக்கூடத்து ப்யூன் ரங்கா, மதில் மேலிருந்து. "ஸ்வல்ப நேரம் ஆகும்."

நேரம் இல்லை. கூடையோடு வகுப்புக்குள் போனாள். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. மேஜைக்கு அடியில் கூடையை வைத்து, மூடியிருந்த துண்டை எடுத்தாள். முட்டை, கொய்யாப்பழம், நூல்கண்டு, துருப்பிடித்த சாவி, உப்புக் கிண்ணம், சர்க்கரைப் பொட்டலம். எல்லாம் ஏழைச் சாமானாக இருந்தது. அவ்வளவு பெரிய அம்மாள் வந்து பார்க்கப் போகிற பாடத்துக்கு இதுவா? துணியைப் பிரித்து மணியை எடுத்து, சத்தம் வராமல் சாமான்களுக்கு நடுவில் படுக்க வைத்தாள். கூடையே வெளிச்சமானது. சும்மா அழகுக்கு இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். வேறு எதுவும் அவள் நினைக்கவில்லை.

அலர்மேல்மங்கை அம்மாள் ஜட்காவிலிருந்து இறங்கினார். ஒல்லியான உடம்பு, தங்க பிரேம் கண்ணாடி, காலில் கறுப்பு ஷூ. மதரிடம் இங்கிலீஷிலும், வண்டிக்காரனிடம் கன்னடத்திலும், வாசலில் மறித்த பிள்ளையிடம் தமிழிலும் பேசிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேனா திறந்தது.

பின்வரிசையிலிருந்து நோரா பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முதல் முட்டையை எடுத்தாள். "வாட் இஸ் திஸ்?"

"ஆன் எக்!" என்று கூரை அதிர்ந்தது. இன்னொன்றை எடுத்ததும் "டூ எக்ஸ்!" முட்டைகள் தட்டுக்குப் போயின. ஒரு கொய்யா, இரண்டு கொய்யா. அவையும் தட்டுக்கு. சர்க்கரைப் பொட்டலத்தை அவள் பிரித்து, ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, "ஒண்ணே ஒண்ணு குடு," என்றாள். அவன் அலெக்சாண்டர், எதற்கும் முதலில் வாய் திறக்கிறவன். விரலால் கிளறிப் பார்த்தான். ஒன்று என்று எதை எடுப்பது? யோசித்துவிட்டுக் கையை நக்கிவிட்டான். வகுப்பு சிரித்தது. "போச்சு, இனிமே எண்ணவே முடியாது," என்றாள் ரமா என்ற சின்னப் பெண். அவளுடைய தாத்தா மைசூர் சமஸ்தான உத்தியோகத்தில் இருந்தவர். அவள் பேச்சிலேயே ஒரு அதிகாரம் உண்டு.

"சம் சுகர்," என்றாள் அக்கா மெதுவாக. "சம் சுகர்," என்றன பிள்ளைகள். சர்க்கரை சட்டிக்குள் விழுந்தது. தண்ணீர் வந்தது, டம்ளரில் ஏறியது, சட்டியில் இறங்கியது. பிள்ளைகளின் கண்கள் தட்டுக்கும் சட்டிக்குமாக ஓடின. இன்ஸ்பெக்டரம்மாவின் பேனாவும் ஓடிக்கொண்டிருந்தது. நல்லபடியாகப் போகிறது மாதாவே என்று நோரா நினைத்தாள்.

அக்கா பிள்ளைகளைப் பார்த்தபடியே குனிந்து, அடுத்து சாவியை எடுக்கக் கூடைக்குள் கையை விட்டாள். கையில் ஒரு பிடி தட்டுப்பட்டது. எடுத்தாள்.

மணி ஒலித்தது.

வகுப்பு முழுவதும் பெஞ்சை விட்டுச் சரிந்து தரையில் முழந்தாளிட்டது. கைகள் குவிந்தன. தலைகள் தாழ்ந்தன. ரமாவுக்கும் இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் கோயில் பழக்கம் இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்ததைப் பார்த்து அவர்களும் விழுந்தார்கள்.

நோராவுக்கு உடனே புரிந்தது. தான் செய்த காரியம்! ஓடிப்போய் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவளும் முழந்தாளில்தான் இருந்தாள். எப்போது விழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அக்கா மணியைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றாள். கையை அசைத்தால் ஒலிக்கும். ஒலித்தால் பிள்ளைகளுக்கு அது இரண்டாவது மணி. இன்னும் ஒரு தரம் ஒலித்தால் எழுந்துவிடுவார்கள். ஆனால் பூசை இல்லாத இடத்தில் பூசை மணியை வேண்டுமென்று அடிப்பதா? அதை அவள் செய்ய மாட்டாள் என்று நோராவுக்குத் தெரியும். 'எழுந்திருங்க, இது பாடம்' என்று அதட்டினால் முடிந்துவிடும். ஒரே வார்த்தை. சொல்லிவிடுங்கள் அக்கா என்று நோராவின் மனசு அடித்துக்கொண்டது. தையல் அறையும் அதன் ஒற்றை ஜன்னலும் கண் முன்னால் வந்தன. அக்கா சொல்லவில்லை. முழந்தாளிட்ட பிள்ளையைப் பார்த்து, நீ செய்தது தப்பு என்று அந்நியர் ஒருவர் முன்னால் எப்படிச் சொல்வாள்?

அப்போதுதான் நோரா வகுப்பைப் பார்த்தாள். வரும்போது இவர்களை ஒவ்வொருவராகத் தெரிந்திருந்தது. சளி மூக்கன், இரட்டைப் பின்னல், முட்டியில் புண் ஆறாதவள், சர்க்கரை நக்கியவன். இப்போது யாரையும் தனியாகப் பிரிக்க முடியவில்லை. குனிந்த தலைகளுக்கு மேலே ஏதோ ஒன்று அறை முழுக்க நிரம்பி நின்றது. வெளியே ஜட்காக் குதிரை காலை மாற்றி வைத்தது கேட்டது. அக்கா பருப்பு மூட்டையில் தேடிக்கொண்டிருந்த இடம் இதுதானோ என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பயம் போன இடம் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா என்ன செய்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். பேனா மேஜை மேல் கிடந்தது. அந்த அம்மாள் எழுந்து நின்றிருந்தார். புடவைக் கரைக்கு அடியில், ஒரு காலின் நுனி இன்னொரு காலின் ஷூவை மெல்ல நெருடித் தள்ளியது. பிறகு மற்றது. வெறுங்காலோடு அவர் தரையில் நின்றார். கண்கள் மூடியிருந்தன.

அக்கா இடது கையால் முந்தானையை எடுத்து மணிக்கொத்தை இறுகப் பொத்தினாள். ஒரு சத்தமும் எழவில்லை. குனிந்த பிள்ளைகளுக்கு நடுவே, அடிமேல் அடி வைத்துப் பின்வரிசைக்கு வந்தாள். நோராவின் மடியில் மணியை வைத்து, நோராவின் கையை எடுத்து அதன் மேல் அழுத்தினாள். முகத்தில் கோபம் இல்லை. திரும்பி நடந்து மேஜையருகே போனாள்.

பிறகு இருமினாள்.

சின்ன இருமல்தான். கோயில் மூலையில் யாரோ ஒருவர் இருமுவது போல.

அலெக்சாண்டர் இருமினான். இரட்டைப் பின்னல் இருமினாள். வகுப்பே இருமியது. இருமல் வராதவர்களும் சும்மா விடவில்லை, வரவழைத்து இருமினார்கள். சிலுவை அடையாளம் போட்டு, முட்டியைத் தட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததைப் போல எல்லோரும் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்கள். ரமா மட்டும் ஒரு இருமல் கூடுதலாக இருமினாள். நாற்காலிப் பக்கமிருந்தும் ஓர் இருமல் கேட்டது. நோராவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இன்ஸ்பெக்டரம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்கா சாவியை எடுத்தாள். "வாட் இஸ் திஸ்?" குரல் மட்டும் கொஞ்சம் கரகரத்தது. "எ கீ!" பாடம் விட்ட இடத்திலிருந்து நடந்தது. சாவி தட்டுக்குப் போனது. உப்பு சட்டிக்குப் போனது.

கூடை காலியானதும் இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். "மணியை எதுலயும் வைக்கலையே நீங்க? தட்டுலயும் இல்ல, சட்டியிலயும் இல்ல. எண்ணக்கூடியதுதானே அது? ஒன் பெல், டூ பெல்ஸ். சொல்லச் சொல்லுங்கோ."

அக்கா பிள்ளைகளைப் பார்த்தாள். அலெக்சாண்டர் கூடத் தரையைப் பார்த்தான்.

"எண்ணக்கூடியதுதாம்மா," என்றாள் அக்கா. அவள் கழுத்து சிவந்திருந்தது. "ஆனா அந்த மணியை இவங்க எண்ண மாட்டாங்க. எண்ணச் சொல்லி நான் கேக்கவும் மாட்டேன். மன்னிச்சுக்கணும்."

வாசலருகே நின்றிருந்த மதரின் கை ஜெபமாலையைப் பற்றியது. இன்ஸ்பெக்டரம்மா பேனாவை எடுத்தார். நோரா மடியிலிருந்த மணியை இன்னும் இறுக்கினாள்.

"அப்போ மணிங்கற வார்த்தை இந்தக் கிளாசுக்கு வேண்டாமா?"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். வெயில் மூன்றாவது கம்பியின் நிழலைச் சுவரோரம் தள்ளியிருந்தது. அவளுக்கு அந்த ஜன்னல்தான் கடிகாரம். "வேணும்மா. ஒரு நிமிஷம்." பிள்ளைகள் பக்கம் திரும்பி, விரலைக் காதுக்கு வைத்தாள். "லிசன்."

வெளியே ரங்கா கட்டையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. அங்கே தொங்கிய தண்டவாளத் துண்டுதான் பள்ளிக்கூடத்து மணி. ணங்.

"ஒன் பெல்!" என்று கத்தினான் அலெக்சாண்டர்.

ணங். "டூ பெல்ஸ்!" என்றது வகுப்பு. ணங். "த்ரீ பெல்ஸ்!" ரங்காவுக்கு உள்ளே நடப்பது என்ன தெரியும்? அன்றைக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்திருக்கிறார் என்ற உற்சாகத்தில் வழக்கத்துக்கு மேலேயே அடித்தான். பிள்ளைகளும் விடாமல் எண்ணினார்கள். குரலும் மணியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போய், கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே கூச்சலாகி, "மெனி பெல்ஸ்! மெனி பெல்ஸ்!" என்று ரமா பெஞ்சு மேல் ஏறி நின்று அறிவித்தாள். அக்கா அதைச் சொல்லிக் கொடுக்கவேயில்லை.

இன்ஸ்பெக்டரம்மா எதையும் எழுதவில்லை. எழுந்து, ஷூவை மாட்டிக்கொண்டு, வாசலுக்கு நடந்தவர் நோராவின் அருகே நின்றார். நோரா எழுந்திருக்க நினைத்தாள். மணி ஒலித்துவிடுமோ என்ற பயத்தில் எழவில்லை.

"யார் விளக்கினா இதை?"

"நான்தாம்மா."

"என்ன போட்டுத் தேய்ச்சேள்? கண்ணாடி மாதிரி இருக்கே."

"புளியும் செங்கல் பொடியும்மா." கொஞ்சம் தயங்கி, "கடைசியில சாம்பல்," என்று சேர்த்துக்கொண்டாள்.

"எங்காத்துல சாம்பல் போடறதில்ல. போட்டுப் பாக்கறேன்." பிறகு மதர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். நோராவுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. அக்கா மேஜையைப் பிடித்துக்கொள்வதுதான் தெரிந்தது.

ஜட்கா தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து, "என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டாள். குரல் அழுகையில் முடிந்தது. "என்னாலதானே..."

அக்கா சாவியையும் நூல்கண்டையும் கூடையில் போட்டாள். "'இந்த டீச்சரை இந்தக் கிளாசை விட்டு எடுக்காதீங்க'ன்னு சொன்னாங்க." பிறகு, "முட்டையை எடுத்துக்க. கெட்டுப் போயிடும்," என்றாள்.

சாயங்காலம் யூஜினிடம் எல்லாவற்றையும் சொன்னதும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எங்க அக்காவுக்கு இருமியே வேலை நிரந்தரமாயிருக்கு!" என்று மறுநாள் பார்சல் ஆபீஸ் முழுக்கப் பறைசாற்றினான். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். மணியைப் பற்றி நோராவை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

யுத்தம் வந்து, ஊர் முழுக்கச் சிப்பாய்கள் நிறைந்து, அரிசியை நிஜமாகவே ரேஷனில் அளந்து வாங்க வேண்டி வந்த காலத்திலும் பிரிஜெட் டீச்சர் அதே வகுப்பில் தட்டும் சட்டியுமாக நின்றாள். அவளிடம் படித்தவர்களின் பிள்ளைகளும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். கடைத்தெருவில் இப்போது இருவராகப் பருப்பு மூட்டையில் கை விட்டார்கள். "ஒருத்தருக்கு இருந்தது, இப்ப ரெண்டு பேருக்கும் பிடிச்சிருச்சு," என்று பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஞாயிறு பூசையில் மூன்றாவது மணி ஓய்ந்து, கோயிலே இருமும்போது நோரா கண்ணைத் திறக்க மாட்டாள். அத்தனை இருமலும் ஒன்றாகக் கலந்து, எண்ண முடியாமல் போகும் அந்த இடத்தில் காதை வைத்துக் காத்திருப்பாள். அதற்குள்ளிருந்து அக்காவின் சின்ன இருமல் அவளுக்கு மட்டும் தனியாகக் கேட்கும்.